துணைக்கால் இல்லாத ‘வேண்டாம்’

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறோம் என்றால், அதற்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்தான் காரணம்.

என் கணவர் கடலூர்–சிதம்பரம் ரூட் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று அவர் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான், வாய் ஓயாது. ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் முடக்கியது. நான்கைந்து மாதத்தில் கோல் ஊன்றி நடக்கும் அளவுக்குக் கால் தேறியது. கை தேறவில்லை. பேச்சும் திரும்பவில்லை.

“மூளைக்கு எல்லாம் புரியும்மா. நாக்குதான் பொரளாது” என்று சிதம்பரத்தில் அவரைப் பார்க்கும் டாக்டர் சொன்னார். ஆனால் புரிகிறது என்பதை அவர் எப்படிச் சொல்வது? இடது கையில் பேனா பிடித்தால் கோணல் கோடுதான் வந்தது. செல்போன் எழுத்துகள் விரலுக்கு அடங்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவர் சின்ன வயதில் கிளார்க் வேலைக்கு ஆசைப்பட்டு தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். மகள் தன் பழைய லேப்டாப்பில் அந்த டைப்ரைட்டர் வரிசையையே கீபோர்டில் வருகிற மாதிரி செய்து, எழுத்து ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தாள். அவர் இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நாலு மாத மௌனத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், “ரசத்துல உப்பு போட மறந்துட்ட” என்பது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. நான் வாயால் பேசுவேன், அவர் விரலால் பேசுவார். பக்கத்துத் தெரு மாதா கோயில் மணி அடித்தால் “பூசைக்கு லேட்டு, கெளம்பு” என்று தட்டி என்னை விரட்டுவார்.

மழைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அவர் எழுதுவது கோணலாகப் போக ஆரம்பித்தது. சொற்களில் எழுத்துகள் விட்டுப்போயின. ஒருநாள் காலை காபி கேட்க உட்கார்ந்தவர், திரை முழுக்க ‘ககககக’ என்று பத்து வரி அடித்து வைத்திருந்தார். “என்னங்க இது?” என்றேன். அவர் கையை கீபோர்டிலிருந்து உயரத் தூக்கி, கண்ணை உருட்டி, திரையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் மேஜையை ஓங்கி ஒரு குத்து.

எழுத்திலோ நடவடிக்கையிலோ குழப்பம் தெரிந்தால் உடனே வரச்சொல்லி டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். மகளுக்கு போன் செய்தேன். அவள் பதறிப்போய், “இனிமே நீ தனியா அவர வச்சிக்கிட்டு சமாளிக்க முடியாதும்மா. வீட்ட காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க” என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அவரிடம் கேட்டேன். “பெங்களூரு போயிடலாமாங்க? வேணுமா, வேணாமா?”

வெகுநேரம் தட்டினார். திரையில் ‘வேண்டம்’ என்று வந்தது.

“வேண்டும்னு சொல்றீங்களா?”

தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். திரும்பவும் தட்டினார். திரும்பவும் ‘வேண்டம்’.

கை ஒன்று எழுதுகிறது, தலை வேறொன்று சொல்கிறது, புத்தி தடுமாறுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இந்த வியாதிக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். அவருக்கு முன்னாலேயே பாத்திரங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். அவரிடம் எதையும் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். குளிக்கிறீங்களா என்று கேட்க மாட்டேன், நேராகக் கூட்டிப்போவேன். சாப்பிடுகிறீங்களா என்று கேட்க மாட்டேன், ஊட்டுவேன். குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலைக்கூட மாற்றிக்கொண்டேன். இப்படி இரண்டு வாரம்.

வெளியூர் போயிருந்த டாக்டர் திரும்பி வந்த பிறகுதான் சிதம்பரம் போக முடிந்தது. எழுத்தை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். மேல வீதியை ஒட்டிய சந்தில் கிளினிக். எங்கள் டோக்கன் வர இன்னும் இருபது பேர் இருந்தார்கள். லேப்டாப்பைத் தன் மடியில் வைக்கும்படி சைகை காட்டி அவர் அடம்பிடித்தார். வைத்தேன். இரண்டு எழுத்து தட்டியதும் ‘க’ ஓட ஆரம்பித்தது. அவர் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். “சும்மா இருங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

டோக்கன் கொடுக்கிற மேஜையில் பிரிண்டரைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஸ்க்ரூ டிரைவர் பை. எழுந்து வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அய்யா, கைய எடுத்துட்டீங்க. எழுத்து தானா ஓடுது. அதத்தான காட்டறீங்க?”

அவர் அவளைப் பார்த்த பார்வையை என்னால் சொல்லி முடியாது. கிணற்றில் விழுந்து கத்திக் கத்தி ஓய்ந்தவன், மேலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அவருக்கு உடம்பு சரியில்லம்மா, புரியாது” என்றேன் நான்.

“இவருக்கு நல்லாத்தாம்மா புரியுது. மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்ல” என்றாள். “ரெண்டு கட தள்ளி நம்ம கடதான். அவுங்க கூப்பிடறதுக்குள்ள பாத்துறலாம். வர்றீங்களாய்யா?”

என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டாள். நான் கை கொடுக்கும் முன்பே அவர் கோலை ஊன்றி எழுந்துவிட்டார்.

கடையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து, “ஒவ்வொரு எழுத்தா அமுக்குங்கய்யா. எது வர்லயோ எனக்குக் கண்ணக் காட்டுங்க” என்றாள். அவர் பொறுமையாக அமுக்கிக்கொண்டே வந்தார். ‘க’ அமுக்காமலே ஓடியது. துணைக்கால் எத்தனை தடவை அமுக்கினாலும் விழவே இல்லை. துணைக்கால் விழாவிட்டால் ‘வேண்டாம்’ எப்படி வரும் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பின்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி கீபோர்டை வெளியே எடுத்தாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டியபோது பிஸ்கட் தூளோடு சிவப்பு எறும்புகள் உதிர்ந்தன. உள்ளே பழுப்பாகக் கறை படிந்திருந்தது.

“டீ எதனா கொட்டிச்சாம்மா? சக்கர போட்டது? ஈரமும் இப்ப ஜாஸ்தி, எறும்பு குடியேறிடுச்சி.”

கொட்டியதுதான். அவருக்கு டீ கொடுக்கும்போது என் கைதான் தட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டு அதோடு மறந்துபோனேன். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

“இது தேறாது, மாத்தணும். இப்போதைக்கு இது இருக்கட்டும்” என்று தனியாக ஒரு கீபோர்டைக் கொண்டுவந்து ஒயரைச் செருகினாள். டைப்ரைட்டர் வரிசை அவருக்கு மனப்பாடம் என்பதால் ஸ்டிக்கர் இல்லாதது ஒரு தடையாகவே இல்லை. “சொல்லுங்கய்யா” என்று தள்ளி நின்றாள்.

அவர் தட்டினார். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது.

“பெங்களூரு வேண்டாம். எனக்கு எல்லாம் புரியுது. நீ ஏன் என்னைப் பயந்து பயந்து பாக்கற?”

நான் அந்த இடத்திலேயே, அந்தப் பெண் பார்க்க, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அவர் இடது கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு விலகி, இன்னும் ஒரு வரி தட்டினார். “பாத்திரத்தையெல்லாம் பெட்டியிலேருந்து வெளிய எடுத்து வை.” அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அவருக்கு வைத்த பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தது. “இவர் இன்னும் தேறியிருக்கார்” என்றார். வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது கடை பூட்டியிருந்தது. வேறு எங்கோ மெஷின் பார்க்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் வேறு கடை இருந்தது.

இப்போதும் அவர் எழுதுவது சில சமயம் எனக்குப் புரியாமல் போகும். பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன சொல்ல வர்றீங்க?” என்று கேட்டுவிட்டு, அடுப்பில் என்ன காய்ந்தாலும் காத்திருக்கிறேன். புத்தி கலங்கிவிட்டது என்று நான் ஒதுக்கிவைத்த அந்த இரண்டு வாரமும், அவர் கொஞ்சமும் கலங்காமல் என் கண் எதிரிலேயே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.