குரூடாயிலில் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எஞ்சினைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள் தாளில் மட்டும் பேசத் துணிந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். நான் அதற்கு எண்ணெய் வடிகட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியிருந்த அவரை, திண்டிவனத்துக்கு மேற்கே நிலம் வைத்திருந்த ஒரு மிராசுதார் டிராக்டர் ஓட்டக் கூப்பிட்டார். பல கை மாறி வந்த பழைய வண்டி. ஒரே சிலிண்டர். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். டீசலை அப்போது நாங்கள் குரூடாயில் என்றுதான் சொல்வோம். நிலத்தை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஹேண்டிலைக் கண்டாலே எனக்குப் பயம். என் பிறந்த வீடு விழுப்புரத்தில் ஓர் அரிசி மில்லுக்குப் பின்புறம். அங்கே எஞ்சின் கிளப்பும்போது ஹேண்டில் திருப்பி அடித்து ஒருவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்துவிட்டது. எலும்பு சரியாகக் கூடவில்லை. பிறகு அவர் மில் வாசலில் உட்கார்ந்து இடது கையால் பீடி பற்றவைக்கப் பழகிக்கொண்டிருப்பார். பல குச்சிகள் வீணாகும். என் வீட்டுக்காரர் தினமும் குனிந்து ஹேண்டிலைப் பிடிக்கும்போது அந்த மனிதர்தான் என் கண்முன் நிற்பார்.

பீப்பாயில் வரும் குரூடாயிலில் துருவும் மணலும் இருக்கும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் புனலில் போட்டு, ஒரு டின்னில் வடிகட்டி, அதை வண்டியின் டாங்கியில் ஊற்றுவது என் வேலை.

"துணியும் டின்னும் சுத்தமா இருக்கணும்மே. ஒரு தூசி போனாலும் வண்டி பேஜாரு பண்ணும்" என்று சொல்லியிருந்தார்.

சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குக் குங்குமம் வைத்துத்தான் கிளப்புவார். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் நாற்றம் பிடித்த அந்தத் துணியைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து வேலியில் போட்டேன். டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பூசைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. மார்கழி மாதம். விடியற்காலையில் எடுத்தபோது துணி பனியில் சொதசொதவென்று நனைந்திருந்தது. டின்னின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் நின்றிருக்க வேண்டும், இருட்டில் நான் பார்க்கவில்லை. வடிகட்டினேன், ஊற்றினேன்.

அன்று வண்டி கிளம்பவில்லை. குளிரால்தான் என்று நினைத்து, காற்று இழுக்கும் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டிச் சுற்றினார். டப்பென்று ஒருமுறை வெடித்து, வெள்ளையாகப் புகை கக்கி நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதேதான். மூச்சு வாங்கியது. மிராசுதார் வந்து நின்றார். ஏர்க்காரர் ஒருவர் மாடுகளோடு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா டிரைவரே, அதுக்குக் குளிருதா? ஒரு கம்பளி போத்தி உடேன்."

மிராசுதார் சிரிக்கவில்லை, வேர்க்கடலை விதைக்கும் கவலை அவருக்கு. "மல்லாட்டை போடணும்பா. ஈரம் காஞ்சிரும். எண்ணெயில எதுனா கோளாறா?"

"எண்ணெயில இருக்காதுங்க. அத எங்க வூட்ல வடிகட்டுறாங்க. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க."

நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரம் போகாத வாணலியில் எண்ணெய் ஊற்றினால் எப்படிப் படபடக்கும் என்று அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியாதா? எஞ்சின் அப்படித்தான் படபடத்து நின்றது. டின் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிவிட வேண்டும். ஆனால் அத்தனை ஆம்பிளைகள் நடுவில், அவர் என்னைப் பெருமையாகச் சொன்ன பிறகு, எப்படிச் சொல்வது? அவர் மறுபடி குனிந்தார். இந்த ஒரு சுற்று போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சுற்றில்தான் ஹேண்டில் திருப்பி அடித்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து இடது கையை ஹேண்டிலில் வைத்தார்.

"தண்ணி" என்றேன்.

"இப்ப வோணாம்மே, அப்புறம் குடிக்கிறேன்."

"குடிக்க இல்லீங்க. எண்ணெயில. டின்னக் கழுவனேன். துணியும் தொவச்சேன்."

"கழுவனியா?"

"சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்களே."

ஏர்க்காரர் மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல வேள, வண்டிக்குச் சீயக்கா தேச்சித் தல முழுவ உடல."

என் வீட்டுக்காரர் ஹேண்டிலை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். டாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு சட்டியில் பிடித்தார். முதலில் வந்தது தண்ணீர்தான். ஃபில்டரையும் கழற்றிக் கொட்டினார். பீப்பாயிலிருந்து புது எண்ணெய் பிடித்து, தன் காய்ந்த துண்டிலேயே வடிகட்டி ஊற்றினார். இனி எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அவர் நட்டைத் தளர்த்திப் பிடிக்க, இன்னொருவர் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். ஏர்க்காரரைப் பார்த்தார்.

"இது ஏரு புடிக்கிற கை. நான் தொடமாட்டம்பா."

"நீ சுத்துமே" என்றார் என்னிடம். "சிலிண்டர் காத்த வெளிய வுடுற லிவர் தூக்கியிருக்கு, அடிக்காது. கட்டவிரல மட்டும் மடக்கிப் புடிக்காத, நாலு விரலோட சேத்து வெச்சிக்கோ."

சுற்றினேன். எத்தனை சுற்று என்று தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். நுரை நுரையாக வந்தது நின்று எண்ணெய் ஒழுங்காக வந்ததும் நட்டை இறுக்கினார்.

அதற்குப் பிறகுதான் பெரிய பயம். இடது கையால் அவர் வேகமாகச் சுற்ற, அவர் சொல்லும் நேரத்தில் நான் லிவரைக் கீழே போட வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் போட்டால் ஹேண்டில் மறுபடி அடிக்கும், மிச்சமிருக்கும் கையும் போகும். அவர் சுற்றச் சுற்ற என் காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம்தான் கேட்டது. அவர் குரல் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

"போடு."

போட்டேன். வண்டி கிளம்பியது. மிராசுதார் ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து இருட்டும்வரை உழுதார். நான் கொட்டகைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு ஒடியவில்லை என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்றைக்கு உழவு நடக்கவில்லை.