கேட்காத மூலை

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, சவூதியிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் எங்கள் குடும்பத்தை அதிகம் ஆட்டிவைத்தது ஒரு கோட்லெஸ் போன். அதற்கு ஒரு தாயும் ஒரு குட்டியும். தாய், லைன் இருந்த சாச்சா வீட்டு ஹோலில் உட்கார்ந்திருக்கும். கூரைக்கு மேலே அதற்கு ஓர் ஏரியல். குட்டியை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குத் தந்துவிட்டார். "மைல் கணக்கில போகும்" என்றார். அந்த ஒரு வேலியைத் தாண்டுவதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கியது.

தொண்ணூறுகளின் பின்பாதி. கல்முனையில் ஆட்கள் போனைச் சட்டைப்பையில் போட்டுத் திரியாத காலம். ஆகவே எங்கள் தெருவில் அந்தக் குட்டிக்குப் பெரிய மரியாதை இருந்தது. அது மட்டும் யாரையும் மதிக்கவில்லை. வாசலில் நின்று கதைத்தால் மீன் பொரிகிற சத்தம் கேட்கும். குசினிக்குள் கொண்டுபோனால் செத்துவிடும். நடு அறைக் கட்டிலில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் சவூதியில் இருப்பவர் இருமுவதுகூடத் துப்பரவாகக் கேட்கும்.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாச்சாவும் அப்படித்தான். "போன் நல்ல போன். உங்கட வீடுதான் சரியில்ல" என்று முடித்துவிட்டார். உம்மா பழியைத் தென்னைமரத்தின் மேல் போட்டு, மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டுப் பச்சை ஓலைகளையெல்லாம் வெட்டுவித்தார். ஓலை போனது, அந்த வருசத்துத் தேங்காயும் போனது, பொரிகிற சத்தம் மட்டும் போகவில்லை. வாப்பா கண்டுபிடித்த வழி கத்துவது. சவூதி தூரம் அல்லவா! அவர் கத்துகிற கத்தலுக்குப் போனே தேவையில்லை என்று நான் சொல்லப்போய், உம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தே, எந்த இடத்தில் கேட்கும், எந்த இடத்தில் கேட்காது என்று மனப்பாடம் ஆக்கியிருந்தேன். மணி அடித்தால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாட்களில் எனக்குக் கல்யாணக் காவின் எழுதி முடிந்திருந்தது. மார்க்கப்படி நான் ஒருவரின் மனைவி. ஊர் வழக்கப்படி இன்னும் வாப்பா வீட்டுப் பிள்ளை. காவினில் கையெழுத்து வைத்த கையோடு அவர் சவூதிக்குப் பறந்துவிட்டார். எங்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணின் வாப்பா கட்டிக்கொடுக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். என் வீடு அதே வளவுக்குள் சுவர் எழும்பி, கூரைக்குக் காத்து நின்றது. அது முடிந்து, விருந்து வைக்கும்வரை அவரோடு நான் கதைப்பது வெட்கக்கேடு.

ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் தன் உம்மாவோடு கதைக்க எங்கள் வீட்டுக்குத்தான் எடுப்பார். மாமி வீட்டில் போன் இல்லை. அந்த அழைப்பைப் பிடித்துக் கொடுக்க என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை. உம்மா யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டார்: "ஸலாம் சொல்லிற்று மாமிட்டக் குடுத்திரு. வேற ஒரு கதையும் வேணா."

ஆகவே எங்கள் இல்லறம் முழுவதும் ஒரு ஸலாமும் ஒரு பதில் ஸலாமும்தான். ஆனாலும் ஸலாமை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று காவின் எழுதிவிட்டுக் காத்திருக்கிறவளிடம் கேட்டுப் பாருங்கள்.

சிரமம் என்னவென்றால், போன் கேட்க மாமியும் கட்டிலில் ஏற வேண்டும். மாமி நல்ல உடம்புக்காரி. உம்மா பின்னால் தள்ள, நான் முன்னால் இழுக்க, கட்டில் அழ, ஒருவழியாக ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனோடு கதைப்பார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

இப்படி இருக்கும்போது, மருதமுனையில் மாமியின் தங்கச்சி மகனுக்குப் பெண் வீட்டில் கொங்கிரீட் தட்டுக் கூரை போட்ட வீடு கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த மாமிக்கு எங்கள் ஓட்டுக்கூரைக் கதை கசந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை இனிப்புத் தொதலும் கையுமாக வந்தார்.

"மகனிட்ட இண்டைக்கு கதைக்கப் போறன். அவன் உங்கட வாப்பாட்ட ஒரு சொல் சொன்னாக் காணும், தட்டுப் போட்டிருவார்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் பயந்தேன். மாப்பிள்ளை எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர் வாப்பா. கையில் இருந்ததெல்லாம் சுவரோடு முடிந்திருந்தது. மிச்சம் நாவிதன்வெளியில் ஒரு துண்டு வயல். நாங்கள் சாப்பிடுகிற சோறு அதிலிருந்துதான் வந்தது. மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டால் அன்று மாலையே அதை விற்கப் புறப்பட்டுவிடுவார்.

மணி அடித்தது. அஸர் தொழப் போன வாப்பா இன்னும் திரும்பவில்லை. நான் கட்டிலில் ஏறி ஸலாம் சொன்னேன். பதில் வந்தது. கீழே மாமி சாரித் தலைப்பைச் செருகிக்கொண்டு மலையேறத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"இனிக் கட்டில் ஏறத் தேவல்ல மாமி. உங்களுக்கெண்டே புது இடம் ஒண்டு பாத்து வெச்சிரிக்கன்" என்றேன்.

"அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்யட்டும், புள்ள!"

கூட்டிக்கொண்டுபோய் இரும்பு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினேன். வீட்டிலேயே போனில் ஒரு சொல்லும் கேட்காத மூலை அதுதான். மாமி உள்ளே கச்சிதமாகப் பொருந்தினார்.

"மகன்! கேக்குதா? ஹலோ! இரைச்சல்தான் புள்ள வருது."

"அசையாம நில்லுங்க மாமி. அசைஞ்சாப் போயிரும்."

மாமி அசையவில்லை. சத்தத்தைத்தான் கூட்டினார். "மகன்! ஓடு வேணா! தட்டுப் போடணும்! மாமாட்ட நீ ஒரு சொல் சொல்லு! நாவிதன்வெளியில வயல் கிடக்குதாம், அத வித்தாக் காணும்! கேக்குதா மகன்?"

குசினியில் உரல் இடிக்கிற சத்தம் நின்றது. உம்மா வாசற்படிக்கு வந்து, அலுமாரி மூலையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த மூலையைத் தெரியும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உரல் மறுபடியும் இடித்தது, முன்னைவிடப் பலமாக.

கடைசியில் மாமி வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "இந்தா, என்ன சனியன் போனோ! ஒரு சொல் கேக்கல்ல. லைன் கிடக்குதா எண்டு பாரு."

நான் கட்டிலில் ஏறி, கம்பியைப் பிடித்து, போனைக் காதில் வைத்தேன். இரைச்சல் அடங்கியது. லைன் இருந்தது. ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"மாமாட்டச் சொல்லுங்க, நாவிதன்வெளி வயல விக்க வேணாமெண்டு. எனக்கு ஓடு போதும்."

அந்த மூலையில் எங்களுக்குத்தான் கேட்காது. அங்கிருந்து போவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தன் உம்மா போட்ட சத்தம் முழுவதையும் சவூதியில் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். காவின் எழுதியபோது எனக்கு அவரைத் தெரியாது. அந்த நிமிசத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்தது. சொல்ல என்ன வெட்கம், மிகவும் பிடித்தது.

"உங்கட உம்மாட்ட என்ன சொல்லட்டும்?" என்று ரகசியமாகக் கேட்டேன், என் உம்மா போட்ட சட்டத்தையெல்லாம் மறந்து.

அந்தப் பக்கம் மெல்லச் சிரிக்கிற சத்தம் வந்தது. பதிலும் வந்தது.

கீழே மாமி என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "என்னவாம் புள்ள, என்னவாம்?"

"ஒண்டுமே கேக்கல்லயாம், மாமி."