வெடிக்க விடாத காய்

பாலைவன ரோஜா என்று பெயர் வைத்தவர் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். அது ரோஜாவே இல்லை, அரளிக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் போடியில் தெருத்தெருவாக வரும் நர்சரி வண்டிக்காரர் ரோஜா என்று கூவித்தான் விற்றார். நானும் அந்தப் பெயரோடே வாங்கி மாடியில் வைத்தேன். ரோஜா என்றால் வீட்டில் ஆளாளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். அரளி என்றால், விஷச்செடி வீட்டுக்கு எதுக்கு என்று தூக்கிப் போடச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் தாவரவியல் படித்தவள். ஆனால் இந்த வீட்டில் யாரும் ஒரு கீரைக்கட்டைக் காட்டி, இது என்ன கீரை என்றுகூட என்னிடம் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். வாரக் கடைசியில் ஜீப்பில் இறங்கி வருவார். அவருக்குச் செடி என்றால் ஏலச்செடிதான், மற்றதெல்லாம் களை. நான் இலை, பூ என்று எதையாவது பேச ஆரம்பித்தால் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவார்.

இந்தச் செடியின் அழகு அடிமரத்தில் இருக்கிறது. வறண்ட மண்ணில் பிறந்த செடி என்பதால், என்றோ பெய்யும் மழையை அடியில் சேர்த்து வைத்துக்கொண்டு குடம் மாதிரி பருத்து நிற்கும். தேவையில்லாமல் ஊற்றினால் அழுகுவதும் அந்த இடம்தான். தண்ணீர் ஊற்றாமலிருப்பதே இதற்குச் செய்யும் உபகாரம் என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா எங்கள் மாடியில் துணி காயப்போட வந்தால், வாளியில் மிஞ்சிய தண்ணீரை இதன் தலையில்தான் கவிழ்ப்பார். என் மாமியார் அதற்கும் ஒரு படி மேலே. ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு மாடியேறி ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்தார். கேட்டதற்கு, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுகிறாயே என்று என்னையே ஏசினார்.

எனக்கு வேண்டியிருந்தது விதை. கிளையை வெட்டி நட்டாலும் துளிர்க்கும், ஆனால் அதன் அடி இப்படிப் பருப்பது அரிது. குடம் வேண்டுமென்றால் விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும். பூக்கும் ஒவ்வொரு வருஷமும் காத்திருந்தேன், ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அந்தப் பூவின் அமைப்பு அப்படி. குழலின் அடியில் மகரந்தத்தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கூம்பாகி, சூல்முடியை மூடிவிடும். மகரந்தத்தூள் கூம்புக்குள் மேல்பக்கம் இருக்கும், அது போய் ஒட்ட வேண்டிய இடமோ கீழ்ப்பக்கம். போதாததற்குத் தன் செடியின் தூளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. இவ்வளவு வீம்பு ஒரு செடிக்கு எதற்கு என்று எனக்கே எரிச்சலாக இருக்கும்.

கடைசியில் சிலமலையில் எனக்குத் தெரிந்த டீச்சர் வீட்டில் இதே செடி பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ்சில் போய் நாலு பூவை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி ஊசியாக்கி, அந்தத் தூளை எடுத்து, கூம்பின் இடுக்கு வழியாக உள்ளே தடவினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, மலையில் இந்தச் சோலியைத் தேனீ பார்க்கிறது, நீ சம்பளமில்லாமல் பார்க்கிறாய் என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு பூ பிடித்தது. மாட்டுக்கொம்பு போல ஜோடியாக இரண்டு காய்கள் கிளம்பின.

அந்த ஐப்பசி மழையிலும் சொம்புத் தண்ணீரிலும் அடிமரம் ஒரு பக்கம் மெத்தென்று ஆனது. கத்தியால் சுரண்டிப் பார்த்தால் அழுகல் உள்ளே வெகுதூரம் போயிருந்தது. இனிச் செடி பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் சேர்த்து வைத்த தண்ணீரில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் காய் முற்றிப் பழுப்பேறி, தானாக வெடித்துவிட்டால் போதும். தொட்டியைச் சாரல் படாத ஓரத்துக்கு இழுத்து வைத்தேன். இதன் விதைக்கு இரண்டு முனையிலும் பஞ்சு உண்டு, வெடித்த நிமிஷமே பறந்துவிடும் என்பதால் காய்களைச் சுற்றி நூல் கட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடியேறினேன். யாராவது சொம்போடு படியேறினால் பின்னாலேயே ஓடினேன்.

ஒரு சனிக்கிழமை நான் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, மலையிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் வாசலில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பச்சைப் பசேலென்று இரண்டு கொம்பும் கையில் கிடந்தன. காம்பில் பால் கசிந்துகொண்டிருந்தது.

"சரியான பதத்துல எடுத்துருக்கேன் பாரு. விட்டா வெடிச்சிருக்கும்."

ஏலக்காயை அப்படித்தான் எடுப்பார்கள். பழுத்து வெடிக்கும் முன்பே பச்சையாகப் பறித்து, ஸ்டோர் என்கிற சூட்டறையில் உலர்த்தினால்தான் அது சரக்கு. வெடித்த காய்க்கு மதிப்பில்லை. அந்தக் கண்ணோடு என் காயைப் பார்த்திருக்கிறார். நகத்தால் பிளந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஊறிய சேமியா மாதிரி விதைகள். ஒன்றுகூட முளைக்காது.

"ஒங்கள யாரு பறிக்கச் சொன்னது?"

"நீதான சொன்ன. வெடிச்சா வெதையெல்லாம் பறந்துரும்னு."

சொன்னேன்தான். முந்தின வாரம், நூல் எதற்கு என்று நானாகவே விளக்கிக்கொண்டிருந்தேன். அன்றும் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து செடியைப் பற்றி நான் சொன்னதில் அவர் காதில் போய் விழுந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதுவும் பாதி. திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

விதை முற்றவில்லை, செடியிலேயே வெடிக்க விட்டிருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை என்பதை மலையில் பழகிய மலையாளத்தில் சாரமில்ல, சாரமில்ல என்றார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த காய எப்பிடிப் பாக்கணும், எப்ப எடுக்கணும்னு சொல்லு. மொதல்லருந்து சொல்லு, கேட்டுக்கிறேன்."

அடி அழுகிய அந்தச் செடியில் இனி ஒரு மொட்டுகூட வராது. அவர் நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.