சுரைக்குடுக்கைக்குள் போன கயிறு

குடித்துவிட்டுச் சொல்லவில்லை. காய்ச்சலில் உளறவும் இல்லை. பட்டப்பகலில், சோளக்களி தின்ற கை காய்வதற்குள் நடந்தது. என் மச்சினன் லுங்குவும் சாட்சி.

எங்கள் கம்பேசா நாட்டின் மக்கள் சபையை யாரும் சபை என்று சொல்வதில்லை. குடுக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி பச்சைக் கூரை, அதனால் சுரைக்குடுக்கை. மறுநாள் சபை கூடுகிறது. தலைவர் நாற்காலிக்கு அடியிலிருந்து நாற்றம் வருகிறது என்று, அங்கே துப்புரவு வேலை பார்க்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். தரைக்குக் கீழே ஓடும் காற்றுச் சுரங்கத்தில் வௌவால் செத்திருக்கும். ஒருவன் இடுப்பில் கயிற்றோடு தவழ்ந்து போய்ச் சாக்கில் அள்ள வேண்டும். ஒருவன் வாசலில் கயிறு பிடிக்க வேண்டும். உள்ளே போனவன் இரண்டு முறை சுண்டினால் வெளியே இழுக்க வேண்டும்.

அன்று என் முறை. தம்பியைப் பொந்துக்குள் அனுப்பிவிடாதே என்று காலையிலேயே என் மனைவி சொல்லியிருந்தாள். அவர்கள் அப்பா செம்புச் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாதவர். ஆனால் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. லுங்கு கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அக்காகிட்ட சொல்லிறாத மச்சான். நீ உள்ள போனா உன் தொப்பைய அறுத்துத்தான் வெளிய எடுக்கணும்."

தலைவிளக்கைப் போட்டான். போய்விட்டான்.

கயிறு என் கைக்குள் ஓடியது. வளைவு வரை அவன் செருமல் கேட்டது. பிறகு இல்லை. அந்தக் கோடியில் சிமெண்ட் சுவர். அதற்கு மேல் போக வழி கிடையாது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நினைத்தேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது...

"லுங்கு?"

கயிறு நின்றது.

பிறகு சுண்டியது. ஒன்று... இரண்டு.

இழுத்தேன். சரியான கனம். லுங்கு ஒல்லி. சாக்கும் சேர்ந்து வருகிறது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சர்... சர்... என்று தரையில் உராய்ந்தது. செத்த வௌவால் வாடை இல்லை. அன்று குழைத்த சிமெண்டின் ஈர வாடை.

விளக்கு வெளிச்சமும் தெரியவில்லை.

அப்போது உள்ளே, வெகு தூரத்திலிருந்து, லுங்குவின் குரல்.

"மச்சான்... என்னை விட்டுட்டு எங்க போற?"

கயிறு என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

சர்...

வளைவைத் தாண்டிவிட்டது.

இருட்டில் ஏதோ மூச்சு வாங்கியது...

கயிற்றை விட்டேன்.

சரேலென்று முழுக்கயிறும் உள்ளே போனது.

ஓடத்தான் கால் எழுந்தது. அவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? குப்புற விழுந்து தவழ்ந்தேன். இடுப்பு வலி தெரியவில்லை. வளைவில் ஒரு கை என் கையைத் தொட்டது.

சூடான கை. லுங்கு.

பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். இடுப்பில் கயிறு இல்லை. கேட்டேன்.

"நீதான மச்சான் வந்து அவுத்த? வெளக்கு அணைஞ்சதும் பின்னாலேர்ந்து வந்த. ஒண்ணும் பேசல. அவுத்து உன் இடுப்புல கட்டிக்கிட்ட."

அதன்பின் நாங்கள் இருவரும் அங்கே வேலைக்குப் போகவில்லை.

போன மழைக்காலத்தில் அதே சுரங்கத்தில் மின்கம்பி பதிக்கப் போன இசாயா சொன்னான். எங்கள் கயிறு அங்கேயே கிடக்கிறதாம். ஒரு முனை வளைவில். மறுமுனை சிமெண்ட் சுவருக்குள். கட்டிடம் எழும்பியபோதே வார்த்த சுவர். ஒரு கீறல் இல்லை. இழுத்துப் பார்த்திருக்கிறான். விறைப்பாக இருந்ததாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே. வெறும் மண்ணுதான்."