கழிமுகத்துத் தண்ணீர்

சலூன் நாற்காலியில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தேன். மூலையில் இருந்த மீன்தொட்டியின் ஏர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அது தள்ளிய காற்று, தண்ணீருக்குள் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. அந்தச் சத்தம் போதும். அன்னவாசல் வீட்டின் முன்னறை, சுவரோரம் கண்ணாடித் தொட்டி, அதற்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி, எல்லாம் வந்துவிட்டன.

அவள் குவைத்தில் நர்ஸ். வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருவாள். அவள் இல்லாத நாட்களில் நான் வீட்டில் தரிக்கிறவன் இல்லை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் விட்டதும் பைக் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போவேன். ஏதோ ஒரு கடையில் புரோட்டா, ஏதோ ஒரு கண்மாய்க்கரையில் காற்று. வீடு என்பது சட்டை மாற்றுகிற இடம். அந்த வருடம் எனக்குச் சர்க்கரை வந்திருந்தது. நேரத்துக்கு வீட்டில் சமைத்துச் சாப்பிடாவிட்டால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரின் காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள். என்னிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வந்த மறுநாள், ஒரு மீன்தொட்டி வாங்க வேண்டும் என்றாள்.

"பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு எதுக்கு?" என்றேன்.

"பூட்டாம இருக்கத்தான்."

மீன் அவள் தம்பி கொண்டுவந்தது. கோட்டைப்பட்டினத்தில் நாட்டுப்படகு வைத்திருப்பவன். கழிமுகத்தில் வலை போட்டு, பெயின்ட் வாளி ஒன்றில் அள்ளிவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கொழம்புக்கே ஆகாதுன்னு நாங்க ஒதறிவிடுற மீனு மச்சான். இதுக்குக் கண்ணாடி பங்களா, கரண்டு, காத்து வேறயா?"

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்ட உடம்பு. மஞ்சள், மஞ்சளில் வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். இவையும் சிக்லிட் என்கிற மீன் குடும்பம்தான் என்றார் தொட்டி விற்ற கடைக்காரர். சிக்லிட் என்றாலே சண்டைக்காரர்களாம், இவை மட்டும் சாதுவாம். ஆனால் ஒன்றிரண்டாக வைத்தால் வாடிப்போகும், கூட்டமாகவே வைக்க வேண்டும் என்றார். உண்மைதான். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பின. நிழல் பட்டால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. கடுகு ஒன்று வெடித்துச் சிதறி மறுபடி கூடுவதுபோல் இருக்கிறது என்று சொன்னேன். வெடித்த கடுகு மறுபடி ஒன்றுகூடாது என்றாள் அவள். கூடியது. நாங்கள் பார்த்தோம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவளைப் பார்க்க ஊர் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீனைக் கண்டால் கை தானாகப் பொரியைத் தேடும். தெப்பக்குளத்துப் பழக்கம். படிக்கட்டில் நின்று வீசி, மீன் வாய் திறப்பதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் வந்த காரியம் முடிந்ததாகத் தோன்றும். என் பெரியம்மா பொரியை முந்தானையில் முடிந்துகொண்டே வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தவர்கள் கையைத் தடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மீன்கள் ஒன்றிரண்டைக் கொறித்தன. மிச்சம் ஊறி, உப்பி, கூழாங்கற்களுக்கு அடியில் இறங்கியது.

அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்துவிட்டது. ஒருவித அழுகல் வாடை. மீன்கள் அத்தனையும் ஒரே மூலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதும் ஒன்றையொன்று விட்டுப் போகவில்லை. அவள் கற்களை அலசினாள், பாதித் தண்ணீரை இறைத்தாள். கழிமுகத்து மீனுக்கு எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றத் துணிவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். அவை பிறந்த தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றச் சொன்னான்.

இரண்டு கேன்களைப் பைக்கில் கட்டினேன். வாசலில் நின்றவள், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேனா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கேட்காமலே வருடங்களை ஓட்டியிருக்கிறாள்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, அப்புறம் முகத்தில் உப்பு ஒட்டுகிற காற்று. அவள் தம்பி முழங்கால் தண்ணீரில் நின்று கேன்களை நிரப்பினான். கடலுக்கு வந்து மீன் வாங்காமல் தண்ணீர் வாங்கிப் போகிற முதல் ஆள் நான்தான் என்றான். சோறு தின்றுவிட்டுப் போகச் சொன்னான். கடற்கரை அந்தப் பக்கம் நீண்டு கிடந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்திருப்பேன், நடந்துகொண்டே இருந்திருப்பேன். அன்று முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பித் தளும்பி அவசரப்படுத்தியது. எனக்காக ஒரு மூலையில் யாரோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற நினைப்பு எனக்குப் புதிது. வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். டம்ளர் டம்ளராக ஊற்றினோம், அவள் ஒன்று, நான் ஒன்று. காலையில் மீன்கள் கீழே இறங்கியிருந்தன. இரண்டு தப்பவில்லை. அவற்றை அவள் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் புதைத்தாள். மற்றவை சேர்ந்து திரும்பின.

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறவர்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். தள்ளுவண்டியில் பெட்டிகள், வரிசை, பின்னால் யாரோ ஒரு குழந்தையின் அழுகை. மாத்திரைகளைப் பற்றி எல்லாம் முன்பே சொல்லி முடித்திருந்தாள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கி ராத்திரி எங்க சாப்புடுவீங்க?"

"வீட்டுல."

"சரிங்க. வாரேன்."