செருப்புக் கடையில் கிடைத்த ரிப்போர்ட்

கால் கட்டைவிரலுக்குக் கீழ எலும்பு புடைச்சு, எந்தச் செருப்பு போட்டாலும் உரசுது. ரெண்டு வருஷமா டாக்டர்கிட்ட போகல. செருப்பைத்தான் அகலமாத் தைக்கச் சொல்லி வாங்கிக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்கும் நம்ம திண்டுக்கல் பாய் கடைக்குப் போனேன். அட்டையில கால வச்சு வரைஞ்சாரு. போன தடவை தேதி போட்டு வரைஞ்சு வச்சிருந்த அட்டையையும் எடுத்து மேல வச்சுப் பார்த்தாரு. கட்டைவிரல் அடுத்த விரல் பக்கம் நல்லாவே சாஞ்சிருந்துச்சு.

"இதுக்கு மேல அகலம் வச்சா செருப்பு கால்ல நிக்காதும்மா. முதல்ல எலும்பு டாக்டரப் பாருங்க"ன்னு ரெண்டு அட்டையையும் கையில குடுத்தாரு.

சாயங்காலம் போனேன். "எப்ப இருந்து இப்படி இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டாரு. "செருப்புக்கடை பாய் வரைஞ்சது"ன்னு ரெண்டு அட்டையையும் நீட்டினேன்.

செத்த நேரம் பார்த்துட்டுக் கேட்டாரு: "கடைக்காரர் இம்புட்டு அக்கறையாக் கணக்கு வச்சிருக்காரே, கால் அவரோடதா, உங்களோடதா?"

வலிக்குச் செருப்பை மாத்தியே காலத்தை ஓட்டுறவங்க இங்க வேற யாரெல்லாம்? கையை மட்டும் தூக்குங்க.