மச்சம் சாப்பிட்டுவிட்டு வேதம் வாசிக்கப் போன நாள்

நான் ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்தவ வேதம் சொல்லிக்கொடுக்கிற ரீச்சர். ஸ்கூட்டியில் போவேன். போகிற வீடுகளில் முக்கால்வாசி ஆசாரமான சைவ வீடுகள். எங்கள் சபையின் மாதக் கூட்டத்தில், "இந்த மாதம் எத்தினை பேர் சேர்ந்தவை, ரீச்சர்?" என்று கேட்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். "ஒருத்தரும் இல்லை" என்று நானும் தலைநிமிர்ந்து சொல்வேன். நோய் வருத்தம் மாறும் என்று ஆசை காட்டியோ, நரகத்தைச் சொல்லி வெருட்டியோ நான் ஒருவரையும் இழுத்ததில்லை. கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன், கேட்டதை வாசிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அளவெட்டியில் இருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஐந்து மாதமாகப் படுக்கை. சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே காலைக் கூட்டத்தில் பாடமாக்கிய ஒரு வேதப்பாட்டு பாதியோடு மறந்துபோய்விட்டதாம். "ஒருக்கால் முழுசாக் கேக்கவேணும் ரீச்சர். இரவு பகல் அதுதான் மண்டைக்குள்ளை நிக்குது" என்று குரல் அனுப்பியிருந்தார். கணவர் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்கிறவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசித்து நிறுத்த, இவர் அதன் பொருளை ஊருக்கு விளக்குவார். அப்பேர்ப்பட்ட மனிதரைச் சம்மதிக்க வைக்க அந்த அம்மாவுக்கு மூன்று கிழமை எடுத்தது.

நான் செய்த வேலையைப் பாருங்கள். அன்று மத்தியானம் கொழும்புத்துறையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் சூடை மீன் குழம்போடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேரே அளவெட்டிக்கு விட்டேன். கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. இத்தனை வருடம் சைவ வீடுகளுக்குப் போய்வருகிற எனக்கு!

கேற்றைப் பாதி திறந்தபடி ஐயா நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. "வாங்கோ" என்றவர் நிறுத்திக்கொண்டு, "குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு மச்சம் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். எங்களூரில் மீனும் இறைச்சியும் மச்சந்தான்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டு உள்ளே போய் வேதத்தை விரிக்க என்னால் ஏலாது. "ஓம் ஐயா. சூடைக் குழம்பு. விரதம் எண்டதை மறந்துபோனன். என்ரை பிழைதான்" என்றேன்.

"அப்ப விரதம் முடியட்டும். பிறகு பாப்பம்" என்று கேற்றைச் சாத்தப் போனார். அந்தப் "பிறகு" வரவே வராது என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து குரல் கேட்டது: "ரீச்சரோ? வந்திட்டாவோ?" எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, என் வயிற்றின்மேல்.

"ஐயா, மச்சம் சாப்பிட்டால் நீங்கள் என்ன செய்வியள்?"

"தலைக்குத் தோஞ்சிட்டுத்தான் உள்ளுக்குப் போவம்."

"கிணறு எங்கை?"

மனிதர் திகைத்துப்போனார். "ஐயோ, நான் உங்களைத் தோயச் சொல்லேல்லை!"

"நீங்கள் சொல்லேல்லை. இது உங்கடை வீட்டு முறை. வந்தது நான்."

தகர மறைப்புக்குள் நின்று நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். ஐப்பசிக் குளிரில் பல் கிட்டியது. மறைப்பின்மேல் அம்மாவின் சேலையும் சட்டையும் வந்து விழுந்தன. பிறகு சபையில் இதைக் கேள்விப்பட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நாலு வாளி தண்ணீரில் கரைந்துபோகிற விசுவாசம் என்னுடையது அல்ல.

ஈரத் தலையோடு கட்டிலருகே இருந்து வாசிக்கத் தொடங்கினேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற முதல் வரி முடிந்து மூச்சு விட்டேன். அவ்வளவுதான்! வாசலில் நின்ற ஐயா, "அதாவது..." என்று பயன் சொல்லத் தொடங்கிவிட்டார். நாற்பது வருட வாய்ப்பழக்கம், யாராவது பாட்டை நிறுத்தினால் அவருடைய நாக்கு சும்மா இராது. எதற்குப் பயன் சொல்கிறோம் என்று பாதியில்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்கோ ஐயா, நல்லாத்தான் வருது. ஆனால் மேய்ப்பன் எண்டால் காவல்காரன் இல்லை, கூடவே நடக்கிறவன்" என்றேன்.

"காவல் இல்லாமல் என்ன மேய்ப்பு?" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் வாசிக்க அவர் சொல்ல, பிழைத்த இடத்தில் நான் குறுக்கே விழ, அவர் விடாமல் வாதாட, அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஐயாவைப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் பயன் சொன்னியள். நான் அடுப்படியிலை நிண்டு கோயில் ஸ்பீக்கரிலை கேட்டன். எனக்குப் பக்கத்திலை இருந்து சொன்னது இண்டைக்குத்தான்."

ஐயா கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். என்னைப் பாராமலே, "அடுத்த வரியை வாசியுங்கோ ரீச்சர். இவவுக்கு நான் சொல்லுறன்" என்றார்.